தம் கட்டினால் வருமா உள்பலம்?

போன இதழில், பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் விடியற்காலையில் சீனத் தாத்தாக்கள் மெதுவாகக் கை வீசிக்கொண்டு நிற்பதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். தாய்ச்சி, சிகோங் என்று அவர்கள் சொல்கிற, மூச்சோடு சேர்ந்த மெதுவான பயிற்சி அது, அதனால் தசை பலத்துக்கு வேறான ஒரு 'உள்பலம்' வருகிறது என்பார்கள். சும்மா நினைவுக்கு வந்து எழுதியதுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. பாதிப் பேர் அது ஏதோ சித்து என்கிறார்கள், மீதிப் பேர் சுத்த ஏமாற்று என்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சீனப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதுகிறேன், உச்சரிப்புக்குச் சண்டைக்கு வராதீர்கள்.

சீனர்கள் 'சீ' என்று சொல்வது நம்முடைய பிராணன்தானே? அது நிஜமாகவே உடம்பில் ஓடுகிறதா?
— கல்லல் வாசகர்

முதலில், அந்தச் சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகாதீர்கள், நம் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு.

காற்று, மூச்சு, ஆவி, தெம்பு எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான். கோபம் வந்தாலும் 'சீ' வருகிறது, வானிலைக்கான சொல்லிலும் 'சீ' இருக்கிறது. நாம் 'வாயு பிடித்துக்கொண்டது' என்கிறோமே, அந்த வாயுவை எந்த ஸ்கேனில் பார்த்தோம்? ஆனாலும் சொன்னால் எதிராளிக்குப் புரிகிறது, எங்கே தேய்த்துவிட வேண்டும் என்பதும் தெரிகிறது. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். பிராணனோடு ஒப்பிடலாம், தப்பில்லை. கருவி வைத்து அளந்து காட்டிய பொருள் மட்டும் அது கிடையாது. பத்து நிமிடம் ஒழுங்காக நின்றால் உள்ளங்கை சூடாகும், விரல் நுனி குறுகுறுக்கும். அதற்கு 'சீ' என்று பெயர் வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதைக் காட்டிக் காசு கேட்டால்தான் ஆட்சேபம்.

பயிற்சி பழையது. ஹுனான் மாகாணத்து மாவாங்துய் கல்லறையை 1973-ல் தோண்டியபோது பட்டுத் துணியில் வரைந்த ஒரு படம் கிடைத்தது. 44 பேர் ஆளுக்கொரு விதமாகக் குனிந்தும் நிமிர்ந்தும் கை நீட்டியும் நிற்கிறார்கள். அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-ல். ஆனால் 'சிகோங்' என்ற பெயர் இன்றைய அர்த்தத்தில் ஊரெல்லாம் பரவியது 1950-களில்தான், லியூ குய்ஜென் என்பவர் பெய்தாய்ஹேயில் இதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் நடத்திய காலத்தில். பண்டம் பழசு, சீட்டு புதுசு.

ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் 80 கிலோ போடுகிறேன். 'உள்பலம்' இருக்கிற ஒரு கிழவர் என்னைத் தள்ளிவிடுவார் என்று எழுதுகிறீர்கள். லாஜிக் இடிக்கிறதே ஐயா?
— காரைக்குடி கல்லூரி மாணவர்

இடிக்கத்தான் செய்யும் தம்பி. எனக்கும் இடித்தது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

1980-களின் நடுவில் பினாங்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதப் போயிருந்தேன். காலையில் தண்ணீர்மலையானைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று நடப்பது வழக்கம். அங்கே ஒரு ஹொக்கியன் சீனத் தையல்காரர், வயது அறுபதுக்கு மேல், என் காதளவு உயரம். ஒரு மாதம் நான் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டு, என்னைத் தள்ளு என்று சைகை காட்டினார். எனக்கு இருபத்து நாலு வயது, ஊரில் கம்பு சுற்றிப் பழகிய தோள். பாவம் பெரியவர் என்று பாதி பலத்தில்தான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு வெறுமனே சாத்தியிருந்தால் எப்படி உள்ளே போய் விழுவோம், அந்த மாதிரி, கைக்கு எதுவுமே அகப்படவில்லை. அதற்குள் என் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. அந்த நொடியில் அவர் என் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்தார், அவ்வளவுதான், புல்லில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. மறுபடி முழு பலத்தில் தள்ளினேன், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

அதில் சித்து எதுவும் இல்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. குதிகால் எழும்பிய மனிதனுக்குத் தரை இல்லை, தரை இல்லாதவனுக்கு பலம் இல்லை, அவனைச் சாய்க்க இரண்டு விரல் ஏராளம். என் குதிகால் எப்போது எழும்புகிறது என்பதை என் கை வழியாகவே தெரிந்துகொண்டதுதான் அவருடைய வித்தை. இதை இரண்டு பேர் கையோடு கை ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் பழகுகிறார்கள், 'துய் ஷோவ்' என்று பெயர், கைதள்ளல்.

சீனத்தில் பலத்துக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று 'லீ', தசையின் முரட்டு பலம், மூட்டை தூக்குகிற பலம். இன்னொன்று 'ஜின்', பழக்கி எடுத்த பலம். பாதத்தில் கிளம்பி, காலில் ஏறி, இடுப்பில் திரும்பி, முதுகு தோள் வழியாக விரலுக்கு வருவது. வழியில் ஒரு மூட்டு இறுக்கமாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். வளவில் தொங்குகிற ஊஞ்சல் சங்கிலியைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையமும் தளர்வாகத்தான் கிடக்கிறது, ஆனால் நாலு பேரைத் தாங்குகிறது. ஒரு வளையம் துருப்பிடித்து முறுக்கிக்கொண்டால் பலகை கோணலாகத்தான் ஆடும். அவர்கள் 'சோங்' என்று சொல்கிற தளர்வு இந்தச் சங்கிலித் தளர்வு. தொய்ந்து கிடப்பதற்கு அந்தப் பெயர் இல்லை.

இதற்கு பினாங்கு வரை போயிருக்கவே வேண்டாம் என்று பிறகு தோன்றியது. எங்கள் ஆயா மாவு இடிப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உலக்கை மேலே போகும்போது கை பிடித்திருக்கும், கீழே இறங்கும்போது விரல்கள் லேசாகத் திறந்துவிடும். உலக்கை தன் கனத்தில் விழும், கை வழிகாட்ட மட்டும் கூடப் போகும், பூண் உரலில் படுகிற நேரத்துக்குச் சரியாக 'ஹும்' என்று மூச்சு வெளியே வரும். ஒரு படி அரிசியை அசராமல் இடிப்பார்கள். நான் வாங்கி இடித்தால் இருபது குத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிடும், ஏனென்றால் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தம் கட்டி, தோளால் இடித்தேன். தம் கட்டினால் ஒரு மூட்டையைத் தூக்கிவிடலாம். சண்டையில் தம் கட்டியவன் அடுத்த அசைவுக்கு லேட்டாகத்தான் வருவான். சீனர்களின் மூச்சுப் பயிற்சி முக்கால்வாசி இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான்.

சரி, உங்கள் 80 கிலோ வீணா? நிச்சயமாக இல்லை. குத்துச்சண்டை முறையாகக் கற்ற இளவட்டம் ஒருவனோடு அந்தத் தையல்காரரை மேடையில் ஏற்றியிருந்தால் அவர்தான் விழுந்திருப்பார், அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். இரண்டு பேருக்கும் வித்தை சமமாக இருந்தால் பலசாலிதான் ஜெயிப்பான். உங்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பெஞ்சில் படுத்துக்கொண்டு தள்ளும்போது முதுகைப் பலகை தாங்குகிறது, நின்றுகொண்டு தள்ளும்போது பாதம்தான் தாங்க வேண்டும். அதைத் தனியாகப் பழக வேண்டும்.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய் இதையெல்லாம் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது வரலாறு. அதை ஏன் நீங்கள் எழுதவில்லை? தமிழன் பெருமை சொல்ல வெட்கமா?
— தேவகோட்டை வாசகர்

வெட்கமெல்லாம் இல்லை, ஆதாரம் இடிக்கிறது.

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய சீனக் குறிப்பு, லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி யாங் சுவான்ஜி 547 வாக்கில் எழுதியது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. அடுத்து வருகிற குறிப்புகளில்தான் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று வருகிறது. காஞ்சிபுரம், பல்லவர் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. தென்னிந்தியராகவே இருக்கட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் சண்டை கற்றுக்கொடுத்ததாக ஒரு வரி இல்லை. தியானம்தான் இருக்கிறது.

அப்புறம் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 'யீ ஜின் ஜிங்' என்று ஒரு நூல், தசைநாரை மாற்றும் நூல் என்று அர்த்தம் சொல்லலாம். போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் விட்டுவிட்டுப் போனது என்று அதன் முன்னுரை சொல்கிறது, முன்னுரைக்கு 628 என்று தேதியும் போட்டிருக்கிறது. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தால் நூலே 1624 வாக்கில் எழுதப்பட்டது, முன்னுரை போலி. சீனாவிலேயே தாங் ஹாவ் போன்ற சண்டைக்கலை வரலாற்றாளர்கள் 1930-களிலேயே இந்தக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். நாம்தான் சினிமா பார்த்துவிட்டு இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு ஒரு ஆறுதல் தருகிறேன். ஷாவோலின் மடமே 5-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டதுதான், சீனர்கள் அவரை பாதுவோ என்கிறார்கள். அது போதிதர்மர் இல்லை. அந்த மடத்துத் துறவிகள் ஆயுதம் எடுத்ததற்கான உறுதியான பதிவு 621-ல் வருகிறது, பின்னாளில் தாங் வம்சப் பேரரசரான லீ ஷிமினுக்கு ஆதரவாக. நூற்றாண்டுகள் கழித்து மிங் காலத்தில் அவர்கள் பெயர் வாங்கியது எதில் தெரியுமா? கம்பில்.

சிலம்பத்தில் இந்த உள்பலம் உண்டா? எங்கள் வாத்தியார் சீன வித்தை பக்கமே போகாதே என்கிறார்.
— சிங்கம்புணரி, சிலம்பம் கற்கும் மாணவி

வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்ளம்மா. ஒரே சமயத்தில் இரண்டு வாத்தியார் வைத்துக்கொள்வது கால்வரிசைக்கு ஆகாது.

உள், வெளி என்ற பிரிவே கொஞ்சம் சந்தேகமானதுதான். 1669-ல் ஹுவாங் சோங்சி என்ற அறிஞர் ஒரு வீரருக்கு எழுதிய கல்லறைக் குறிப்பில்தான் முதன்முதலாக 'ஷாவோலின் வெளிப்பள்ளி, இவருடையது உள்பள்ளி' என்று பிரிக்கிறார். அப்போது சீனாவை வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தார் பிடித்து இருபத்தைந்து வருடம். பௌத்தமும் வெளியே இருந்து வந்தது, மஞ்சுவும் வெளியே இருந்து வந்தவன், அதனால் 'வெளி' என்று சொன்னதில் ஒரு குத்தல் இருக்கிறது என்று படிக்கிறவர்களும் உண்டு. தாய்ச்சி, சிங்யீ, பாகுவா என்ற மூன்று சண்டை முறைகளையும் ஒரே கூரையின் கீழ் உள்பள்ளி என்று கட்டியதெல்லாம் 19-ம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில்தான், அதைப் புத்தகமாக எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சுன் லூதாங்.

எனக்குக் கம்பு சொல்லிக்கொடுத்தவர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அடிப்பார், கம்பை இறுக்கிப் பிடித்தால். 'கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிடா, நசுக்கியும் கொல்லாதே, ஓடவும் விடாதே' என்பார். மணிக்கட்டால் சுற்றாதே, இடுப்பால் சுற்று என்பார். பினாங்கில் அந்தத் தையல்காரர் இதையே பஜார் மலாயில் 'பெலான், பெலான்', மெதுவாக மெதுவாக, என்று சொல்லிக்கொண்டு என் தோளைத் தட்டித் தட்டி இறக்கினார். எனக்கு இரண்டும் வேறு பாடமாகத் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. நாம் வேகமாகச் சுற்றிச் சுற்றியே ஒருநாள் தளர்வைக் கண்டுபிடிக்கிறோம், அவர்கள் தளர்விலிருந்து தொடங்கி ஒருநாள் வேகத்துக்கு வருகிறார்கள். நிறையப் பேர் அந்த வேகத்துக்கு வந்து சேராமலே பூங்காவில் ரிட்டயர் ஆகிவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

ஒரு குரு கையை ஆட்டினால் பத்துப் பேர் தொடாமலே பறந்து விழுகிறார்களே, வீடியோ பார்த்தேன். எப்படி?
— புதுவயல் வாசகர்

விழுகிற பத்துப் பேரும் அவருடைய சீடர்கள். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வெளியாள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. 2006-ல் ஜப்பானில் இப்படித் தொடாமல் வீழ்த்துகிறவர் ஒருவர் பந்தயம் கட்டி ஒரு கலப்புச் சண்டை (MMA) வீரரை எதிர்கொண்டார், வாங்கியது நிஜ அடி. 2017-ல் செங்டூவில் தாய்ச்சி ஆசான் வெய் லெய்யும் கலப்புச் சண்டை வீரர் சூ ஷியாவ்டாங்கும் மோதியது அரை நிமிடம்கூட நிற்கவில்லை, ஆசான் கீழே கிடந்தார்.

எனக்கு இதைவிட ருசியான சண்டை 1954 ஜனவரியில் ஹாங்காங் பக்கத்து மக்காவ் நகரத்தில் நடந்தது. ஒரு பக்கம் வூ பாணி தாய்ச்சிக் குடும்பத்தின் தலைவர் வூ கோங்யீ, இன்னொரு பக்கம் வெண்கொக்கு பாணிக்காரர் சான் ஹக்ஃபூ. பெருங்கூட்டம், தர்மக் காரியத்துக்கு வசூல். இரண்டு சுற்றுக்குள் நிறுத்திவிட்டார்கள், ஜெயித்தவர் யாரும் இல்லை. படம் இருக்கிறது, பாருங்கள். இரண்டு பேரும் தெருச்சண்டை மாதிரி கையை வீசிக்கொள்கிறார்கள், மூக்கில் ரத்தம், கொக்கையும் காணோம் தாய்ச்சியையும் காணோம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரபரப்பைப் பிடித்துக்கொண்டு ஹாங்காங் பத்திரிகை ஒன்று அதே மாதம் வீரதீரத் தொடர்கதை ஒன்றை ஆரம்பித்தது, அது பிய்த்துக்கொண்டு போயிற்று. உள்பலத்தால் கூரை மேல் பறப்பது, உள்ளங்கைக் காற்றில் ஆளைத் தள்ளுவது என்று நாம் சினிமாவில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கதை அலையில் பிரபலமானவை.

நம் பக்கமும் ஒருவர் வந்தார். ஊர் பேர் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு, ஆளுக்கு மூவாயிரம். கடைசி நாள் என் நெற்றிக்கு நேராகக் கையை வைத்தார். நான் விழவில்லை. 'உங்களுக்கு நம்பிக்கை குறைவு' என்றார். மூவாயிரத்துக்கு மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

தொண்டைக்குழியில் ஈட்டியை வைத்து வளைக்கிறார்களே?
— கோட்டையூர் வாசகர்

ஈட்டியின் காம்பைப் பாருங்கள், நன்றாக வளைகிற காம்பு. வளைவதற்குத் தேவையான பலம் தொண்டை தாங்குவதைவிடக் குறைவு. இருந்தாலும் வீட்டில் குச்சி வைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

எனக்கு 67 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டிவலியும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கிற மகன் தாய்ச்சி செய்யுங்கள் ஆத்தா என்கிறான். சண்டை வித்தை எனக்கெதற்கு? செய்யலாமா?
— பள்ளத்தூர் ஆச்சி

தாராளமாகச் செய்யலாம் ஆச்சி, மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். இது மாத்திரைக்குப் பதில் இல்லை, கூட ஒரு கை.

இந்த வித்தை சண்டையில் எவ்வளவு உதவும் என்று வாதாடலாம், வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க உதவும் என்பதில் பெரிய வாதம் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் உள்ள 195 பேரை வைத்து ஆறு மாதம் போலப் பார்த்ததில், வாரம் இரண்டு முறை தாய்ச்சி செய்தவர்கள், வெறுமனே கை கால் நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். குதிகால் எழும்புவது தனக்கே தெரிகிறது, அதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். தையல்காரர் என்னிடம் கண்டுபிடித்ததை நீங்கள் உங்களிடமே கண்டுபிடிப்பீர்கள்.

பெரிய அசைவுகள் வேண்டாம். 'ஜான் ஜுவாங்' என்று ஒன்று உண்டு, கம்பம் நட்ட மாதிரி நிற்பது, அதில் ஆரம்பியுங்கள். வளவில் தூணுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி. பாதம் இரண்டும் தோளகலம். முட்டி பூட்டிக்கொள்ளாமல் ஒரு துளி மட்டும் மடங்கட்டும், முக்காலியில் உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நிலை. எதிரே இருக்கிற தூணைக் கட்டிப்பிடிக்கப் போகிற மாதிரி கையை வளைத்து மார்பளவுக்கு, முடியாவிட்டால் வயிற்றளவுக்கு. தோள் காதுப் பக்கம் ஏறும், இறக்கிவிடுங்கள், மறுபடி ஏறும், மறுபடி இறக்குங்கள். மூச்சை அடக்கவே கூடாது, தம் கட்டினால் பிரஷர் ஏறும். அது பாட்டுக்கு மூக்கில் வந்து போகட்டும். முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.

முட்டி எப்போதும் கால் விரல் பார்க்கிற திசையையே பார்க்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், முப்பது வயதில் வீராப்பாகத் தாழ நின்று, முட்டி உள்ளே சாய்வதைக் கவனிக்காமல் விட்டு, ஆறு மாதம் எங்கள் வீட்டுத் திண்ணைப் படி ஏறவே கைப்பிடி தேடினேன். இதெல்லாம் பழகியபின் 'பாதுவான்ஜின்' என்று எட்டே அசைவு கொண்ட ஒரு வரிசை இருக்கிறது, அதற்குப் போகலாம். தாய்ச்சியேதான் வேண்டும் என்றால் 1956-ல் சீன அரசு 24 அசைவாகச் சுருக்கிய வரிசை இருக்கிறது, மகனிடம் கேட்டால் சிங்கப்பூரில் எந்தப் பூங்காவிலும் காட்டுவார்கள்.

இந்தப் பயிற்சியால் பைத்தியம் பிடிக்கும் என்கிறார்களே?
— குன்றக்குடி வாசகர்

சும்மா கிளப்பிவிட்ட பேச்சு இல்லை. 'தீ தடம் மாறிப் பேய் புகுந்தது' என்ற பொருளில் சீனர்களே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 1980-களில் சீனாவில் சிகோங் ஜுரம் அடித்தபோது மணிக்கணக்கில் மூச்சை அடக்கி, தலைக்குள் வெளிச்சம் தேடி, மனநல மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்ட கையேட்டில்கூட இதைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருப்பவர்கள் தனியாக, வீடியோ பார்த்து, நீண்ட நேரம் செய்யவே கூடாது. ஆச்சிக்குச் சொன்ன மாதிரி சில நிமிடம் நிற்பதற்கு யாரும் பயப்பட வேண்டாம்.

எத்தனை நாளில் உள்பலம் வரும்?
— கண்டனூர் வாசகர்

நாள் கணக்கு கேட்டால் மூன்று நாள் வகுப்பு நடத்துகிறவரிடம்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாரமாக முகப்பில் நின்று செய்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன செய்வது?
— கானாடுகாத்தான் வாசகர்

இரண்டாம் கட்டுக்குப் போய்விடுங்கள்.